அத்தியாயம் 6: அகல வீல், அகல டயர் – அளந்து வாங்கும் முறை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சனிக்கிழமை மாலை சுற்றி வந்தால், அலாய் வீல் எந்த வரிசையில் விற்பனையாகிறது என்பது புரிந்துவிடும். முதலில் கண்ணுக்குப் பிடித்த டிசைன். அடுத்து, ‘இதுலேயே பெரிய சைஸ் இருக்கா?’ என்ற கேள்வி. ரிம் முடிவானதும் அதற்கேற்ற டயர். மாட்டிப் பார்க்கையில் மட்கார்டு விளிம்பில் உரசினால், ‘லிப்பைக் கொஞ்சம் மடிச்சு விட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது’ என்ற சமாதானம்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். வண்டியின் வீல் ஆர்ச்சுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்த இடத்தில் அடங்கும் டயர் எது என்பது இரண்டாவது. அந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலமும் ஆஃப்செட்டும் மூன்றாவது. டிசைன், நிறம், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படிப் போனால் கடையில் பிடித்த பத்து டிசைன்களில் ஏழு கழிந்துபோகும். மிச்சமுள்ள மூன்றில் எதை வாங்கினாலும் பிழையாகாது.

கணக்கெல்லாம் ஒரே வண்டியை வைத்துப் போட்டால் புரிவது எளிது. நம் ஊரில் அதிகம் மாற்றியமைக்கப்படும் வண்டிகளில் ஒன்றான மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் வேரியன்ட்களுக்கு 165/80 R14 டயரும், மேல் வேரியன்ட்களுக்கு 185/65 R15 டயரும் கம்பெனியே தருகிறது. உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

அகலம் எதைத் தருகிறது

டயர் அகலமானால் ரோட்டோடு ஒட்டும் பரப்பு கூடும், அதனால் பிடிப்பு கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம் இருக்கிறது, உள்ளே 33 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச்சுவர் விறைப்பால் இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை பாரமும் காற்றழுத்தமும்தான். அகலமான டயரில் மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். நீளவாக்கில் கிடந்தது குறுக்குவாக்கில் அகன்று, முன்பின்னாகக் குறுகுகிறது.

வளைவில் திரும்பும்போது இந்த வடிவம் உதவுகிறது. ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி சுணங்காமல் திரும்பும், பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் டயர் மடங்கிச் சாய்வதும் குறையும். அகல டயர் போட்டவர்கள் ‘வண்டி தண்டவாளத்துல போற மாதிரி இருக்கு’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் அவர்கள் உணரும் பிடிப்பில் பெரும்பங்கு ரப்பர் கலவைக்குச் சேர வேண்டியது. கம்பெனியில் வந்த டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே 185 அகலத்தில் நல்ல கலவை உள்ள டயர் போட்டாலே பிரேக் பிடிக்கும் தூரம் குறைவது தெரியும். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ரிம்மைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றுங்கள் என்பதே என் முதல் யோசனை. பெரும்பாலானவர்களுக்கு அது பிடிக்காது. படத்தில் பார்க்க அழகாக இருக்காதே.

மழையில் கதை மாறுகிறது. தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது, டயர் தனக்கு முன்னால் இருக்கும் நீரைப் பக்கவாட்டிலும் காடிகள் வழியாகவும் வெளியேற்ற வேண்டும். அகலம் கூடக்கூட வெளியேற்ற வேண்டிய நீரும் கூடும், அந்த நீர் கடக்க வேண்டிய தூரமும் கூடும். வெளியேற்ற முடியாதபோது டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈ.சி.ஆரில் ஓடும் வண்டிக்கு இது முக்கியம். காடி தேய்ந்த 205 டயரைவிடக் காடி ஆழமாக உள்ள 185 டயர் அந்த ரோட்டில் பத்திரமானது. ராலிக்காரர்கள் தார் ரோட்டுக்கு 18 அங்குல அகல டயரையும், சரளை மண்ணுக்கு 15 அங்குல ஒடுக்கமான டயரையும் மாற்றிப் போடுவதைப் பார்த்தாலே, எல்லாத் தரைக்கும் அகலம் நல்லதல்ல என்பது விளங்கும்.

உயரத்தைக் காப்பாற்றுங்கள்

185/65 R15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120.25 மி.மீ. வருகிறது. அதை இரண்டால் பெருக்கி, 15 அங்குலத்துக்கான 381 மி.மீட்டரைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. இந்த எண்ணை முடிந்தவரை மாறாமல் வைத்திருப்பதுதான் சைஸ் மாற்றுவதின் அடிப்படை. ஸ்பீடாமீட்டர், ஏ.பி.எஸ்., கியர் விகிதம், ஆர்ச்சின் உயரம் எல்லாமே இதை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

195/55 R16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே கம்பெனியின் பலேனோவில் மேல் வேரியன்ட்களுக்கு வரும் சைஸ் இது என்பதால் டயர் கிடைப்பதிலும் சிக்கல் இல்லை. 205/50 R16 என்றால் 611.4 மி.மீ., 1.6 சதவீதம் குறைவு. 205/45 R17 என்றால் 616.3 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் கீழே. எண்ணளவில் மூன்றுமே ஏற்கத்தக்கவை. மூன்று சதவீதத்தைத் தாண்டும் எதையும் நான் எடுப்பதில்லை. முக்கியமாக விட்டம் கூடும் பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். 80 என்று முள் காட்டும்போது கேமராவில் 83 பதிவானால், அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும்.

விட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதாகும்போது குறைவது பக்கச்சுவர். 120 மி.மீ. இருந்தது 195/55-இல் 107 ஆகிறது, 205/45-இல் 92 ஆகிறது. நம் ஊர் ரோட்டில் இந்த 28 மி.மீ. வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பெயின்ட் அடிக்காத வேகத்தடை, மழைநீர் மூடிய குழி, பாலத்தின் இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டை ஆகியவற்றில் முதலில் அடிவாங்குவது பக்கச்சுவர். அது தாங்காவிட்டால் ரிம். உள்ளே இழை அறுந்து பக்கச்சுவரில் கொழுக்கட்டை மாதிரி புடைத்த டயரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். தினமும் ஆபீஸ் போய்வரும் ஸ்விஃப்ட்டுக்கு 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 17 வேண்டும் என்பவர், மாதம் ஒருமுறை ரிம்மைச் சுழற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவராக இருக்க வேண்டும்.

பாரக் குறியீட்டைப் பாருங்கள்

சைஸுக்குப் பக்கத்தில் 88H என்பது போல ஒன்று அச்சாகியிருக்கும். எழுத்து வேகத்துக்கு: T என்றால் 190, H என்றால் 210, V என்றால் 240 கி.மீ. வரை. நம் வேகங்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. ஆனால் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். எண்தான் முக்கியம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545, 84 என்றால் 500.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாதது இதைத்தான். 205/45 R17 சாதாரண வகையில் 84 என்ற குறியீட்டோடு வருகிறது. 185/65 R15-இன் 88-ஐ விட ஒரு டயருக்கு 60 கிலோ குறைவு. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகத் திருச்செந்தூருக்குப் போகும் நாளில் இந்தக் குறை டயர் சூட்டில் தெரியும். அதே சைஸில் எக்ஸ்.எல். என்று குறித்த, கூடுதல் பாரம் தாங்கும் டயரில் 88 கிடைக்கும். அதை வாங்குங்கள். ஒரு நிபந்தனை: எக்ஸ்.எல். டயர் தன் முழுப் பாரத்தையும் கூடுதல் காற்றில்தான் தாங்கும். பழைய டயருக்கு அடித்த அதே காற்றை அடித்துவிட்டு 88 வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. டயர் கம்பெனியின் பார–அழுத்த அட்டவணையைக் கடையில் கேட்டுப் பார்த்துக் காற்றை முடிவு செய்யுங்கள். 195/55 R16-இலும் சாதாரண வகை 87, எக்ஸ்.எல். 91. என் விருப்பம் எக்ஸ்.எல். தான்.

வாங்கும்போது பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத சைஸ்கள் குடோனில் வருஷக்கணக்கில் தூங்கும். 17 அங்குலத்தில் இது சகஜம். தள்ளுபடி அதிகமாக இருந்தால் முதலில் அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள்.

டயருக்கு எத்தனை அங்குல ரிம்

ஒவ்வொரு டயர் சைஸுக்கும் ரிம் அகலத்தில் ஓர் எல்லை உண்டு. 185/65 R15-க்கு 5 முதல் 6½ அங்குலம். 195/55 R16-க்கு 5½ முதல் 7. 205/50 R16-க்கு 5½ முதல் 7½. 205/45 R17-க்கு 6½ முதல் 7½. ரிம்மில் 6½J என்று எழுதியிருக்கும். J என்பது விளிம்பின் வடிவத்துக்கான குறி, அதை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இந்த அகலம் டயர் உட்காரும் இருக்கைகளுக்கு இடையிலான அளவு. விளிம்புகளையும் சேர்த்து வெளியே டேப் வைத்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட வரும். பழைய ரிம் வாங்குபவர்கள் வெளி அளவை எடுத்துவிட்டு ‘எட்டு இன்ச்’ என்று விற்பவரோடு தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லையின் நடுவில் இருங்கள். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயர் சுமார் 5 மி.மீ. அகன்று உட்காரும். இதைப் பின்னால் வரும் கணக்குக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கமான டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டும் ஒரு மோகம் இருக்கிறது. ரிம்மின் விளிம்பு டயரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஒவ்வொரு குழியும் நேரே உலோகத்தில் அடிக்கும். காற்று குறைந்த நிலையில் வளைவில் திரும்பினால் டயர் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். கண்காட்சியில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு வேண்டுமானால் சரி.

ஆஃப்செட்: எல்லாம் இங்கேதான் கெடுகிறது

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ET45 என்பது போல அச்சாகியிருக்கும். எண் பெரிதானால் சக்கரம் ஆர்ச்சுக்குள் புதையும், சிறிதானால் வெளியே வரும். முன்சக்கர இழுவை வண்டிகள் எல்லாம் பெரும்பாலும் பெரிய எண்ணில்தான் இருக்கும்.

உங்கள் பழைய ரிம் 5½ அங்குலம், ET45 என்று வைத்துக்கொள்வோம். அதில் 185 டயர். புது ரிம் 6½ அங்குலம், ET40, அதில் 195/55. அந்த டயர் 6 அங்குல ரிம்மில் 195 இருக்கும், 6½-இல் ஏறத்தாழ 200. மொத்தம் 15 மி.மீ. கூடியிருக்கிறது, பக்கத்துக்கு ஏழரை. ஆஃப்செட் 5 குறைந்ததால் முழுச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, வெளிப்பக்கம் பன்னிரண்டரை மி.மீ. நீளும், உள்பக்கம் இரண்டரை மி.மீ. நெருங்கும். ஆர்ச்சில் இந்த இரண்டு இடைவெளியும் உண்டா என்பதே கேள்வி. டிசைன் எதுவானாலும் இந்த இரண்டு எண்களைத் தாளில் எழுதாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது அதே 6½ அங்குலம், ET25 என்று ஒரு ரிம் ‘ஸ்டாக்ல இருக்கு சார், குறைச்சுத் தரேன்’ என்று வருகிறது. சக்கரம் 20 மி.மீ. வெளியே போய்விட்டது. டயரின் வெளிப்பக்கம் இருபத்தேழரை மி.மீ. நீளும். ஆர்ச்சோடு சமமாக நின்று பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனி பொறியாளர்கள் வேண்டுமென்றே குறைவாகவோ, எதிர்த்திசையிலோ வைத்திருப்பார்கள். பல முன்சக்கர இழுவை வண்டிகளில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு குழாய் பழுதானால் முன்னால் ஒரு சக்கரம் மட்டுமே பிரேக் பிடிக்கும். அப்போதும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இந்த அமைப்பு துணை செய்கிறது. சக்கரத்தை 20 மி.மீ. வெளியே தள்ளினால் அந்த ஏற்பாடு குலைகிறது. ரோட்டின் பள்ளங்களும் கோடுகளும் ஸ்டியரிங்கை இழுக்கும், கையில் உதறும். வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்பு விசையும் கூடும், ஆயுள் குறையும்.

பழைய ஆஃப்செட்டிலிருந்து 5 முதல் 10 மி.மீ. வரை குறைவது எனக்குச் சம்மதம். அதற்கு மேல் போனால் காரணம் கேட்பேன். ஸ்பேசர் போட்டுக்கொள்ளலாம் என்பது காரணமல்ல. ஸ்பேசர் செய்வதும் ஆஃப்செட்டைக் குறைப்பதுதான், கூடவே போல்ட்டில் நட்டு பிடிக்கும் மரையையும் தின்றுவிடுகிறது.

ஆர்ச்சுக்குள் அளப்பது

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, காற்றைச் சரியாக அடித்துவிட்டுத் தொடங்குங்கள். மட்கார்டு விளிம்பின் உச்சியிலிருந்து ஒரு குண்டுநூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைத்த பக்கத்துக்கும் உள்ள தூரத்தை அளங்கள். இதுதான் வெளிப்பக்க இடம். நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த வண்டியிலேயே இடமும் வலமும் ஐந்தாறு மி.மீ. வேறுபடுவது உண்டு. டிங்கர் வேலை பார்த்த வண்டியில் கேட்கவே வேண்டாம். எது குறைவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

உள்பக்கத்துக்கு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, டயருக்கும் முன் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு இருக்கும் இடம்தான் பெரும்பாலும் நெருக்கம். டயரின் உயரம் கூடினால் முதலில் முட்டுவது அங்கேதான். ஐந்து மி.மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். டயர் ஓடும்போது கொஞ்சம் நெளியும், சேறு ஒட்டும். பின்னால் டேம்பரும் உள் மட்கார்டும், பிரேக் பைப்பும் எங்கே வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்த நிலையில் எல்லாம் அடங்கும். சோதனை அசையும் நிலையில்தான். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயரின் முன்மூலை லைனரிலும் பம்பர் ஓரத்திலும், பின்மூலை கதவுக்கு முன்னால் உள்ள ஓரத்திலும் எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஐந்து பேரை ஏற்றுங்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமான் ஏற்றிய நிலையில் வேகத்தடை ஏறும்போதுதான் பின் டயர் மட்கார்டு லிப்பில் அடிக்கும். தனியாக ஓட்டிப் பார்த்து ‘உரசவே இல்லை’ என்று மகிழ்ந்தவர்கள், குடும்பத்தோடு போகும் முதல் பயணத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளின் பின் ஆக்சில், சஸ்பென்ஷன் அழுந்தும்போது சக்கரத்தை ஏறத்தாழ நேராகவே மேலே தூக்குகிறது, உள்பக்கம் சாய்த்து இடம் விடுவதில்லை. அதனால் பின்னால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை லைனரிலும் லிப்பின் அடியிலும் அரை அங்குலப் பட்டையாக ஒட்டி, கடையில் சோதனைக்கு மாட்டித் தரும் வீலோடு ஆள் ஏற்றி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். களிமண்ணில் டயர் பதிந்த தடமும், பதியாமல் நின்ற தடிமனும் சொல்வதை எந்த இணையக் கால்குலேட்டரும் சொல்லாது. சோதனைக்கு மாட்டித் தராத கடையில் விலை குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

லிப்பை மடிப்பது கடைசி வழி. சூடாக்காமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும், வெடிப்பில் நீர் இறங்கித் துருவேறும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் அது இரண்டு மழைக்காலம் தாங்காது. லோயரிங் ஸ்பிரிங்கும் போடுவதாக இருந்தால் அதை முதலில் போட்டு, அலைன்மென்ட் முடித்து, வண்டி படிந்த பிறகே வீலுக்கு அளவெடுங்கள்.

ஓட்டை, துளை, நட்டு

பி.சி.டி. என்பது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு ஓட்டைகள். ஃபோர்டு ஃபிகோவுக்கு 4×108, பழைய ஃபியட் புன்டோவுக்கு 4×98. இந்த 98-க்கும் 100-க்கும் உள்ள இரண்டு மி.மீ. வித்தியாசம் ஆபத்தானது. வலிந்து இறுக்கினால் ஏறிவிடும். ஏறியது போல இருந்தாலும் நட்டுகள் சரிந்து உட்கார்ந்திருக்கும், ஓட்டத்தில் தளரும். எட்டு ஓட்டை போட்டு இரண்டு வண்டி வகைக்கும் பொருந்துமாறு விற்கும் ரிம்கள் நம் சந்தையில் நிறைய. தரமான தயாரிப்பாக இருந்தால் தவறில்லை, வேண்டாத ஓட்டைகள் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். ஆனால் லேத்தில் புது ஓட்டை போட்டுத் தரும் ரிம்மைத் தொடவே தொடாதீர்கள்.

நடுத்துளையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. வெளியில் விற்கும் ரிம்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று 67 அல்லது 73 மி.மீ. துளையோடு வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் உண்டு. சல்லிசான சாமான், கடைக்காரர் கேட்டால்தான் தருவார். அது இல்லாமல் மாட்டினால் ரிம் நடுவில் உட்காராமல் ஓரிரு மி.மீ. விலகும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்த வளையத்தைத்தான்.

நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா என்பதையும் கேளுங்கள். சுசுகிக்குக் கூம்பு, மரை 12×1.25. ஹோண்டாவின் கம்பெனி ரிம்களுக்கும் ஃபோக்ஸ்வாகனின் கம்பெனி ரிம்களுக்கும் உருண்டை இருக்கை. வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு. பொருந்தாத நட்டு ரிம்மை ஒரு கோட்டில் மட்டும் தொடும், கை பார்த்தால் இறுகியது போலவே இருக்கும்.

கடைசியாகக் காலிப்பர். ரிம்மின் விட்டம் பெரிது என்பதால் பிரேக்குக்கு இடம் உண்டு என்று நினைக்க வேண்டாம். குழிவாக வடித்த ஸ்போக்கின் உள்பக்கம் காலிப்பரில் இடிக்கலாம். டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன்ஹப்பில் மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ரிம்மின் தரம்

வார்ப்பு, வார்த்து உருட்டியது, அடித்து வடித்தது என்று மூன்று வகை. சாதாரண அலாய் வீல் எல்லாம் வார்ப்பு. வார்த்து உருட்டியதில் வெளி உருளையை உருளைகளால் அழுத்தி மெலிதாக்கியிருப்பார்கள், எடை குறையும், வலு கூடும். இந்த நூலின் வாசகருக்குப் பொருத்தமானது அதுதான். மூன்றாவது வகை விலையில் வேறு உலகம்.

எடையைக் கேளுங்கள், முடிந்தால் தராசில் வையுங்கள். விட்டம் மாறாமல் ரிம் பெரிதாகும்போது உலோகம் சக்கரத்தின் வெளிப்பக்கம் நகர்கிறது, ஆகவே சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சினில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடினாலே இரண்டாவது கியரில் தெரியும், மைலேஜிலும் தெரியும். பின்பக்கம் JWL, VIA என்ற ஜப்பானியச் சோதனைக் குறிகளும் ஒரு ரிம் தாங்கும் பாரமும் வார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறி இருந்தால் மட்டும் போதாது, போலிகளும் குறியோடுதான் வருகின்றன. பில், வாரன்டி, தயாரிப்பாளர் பெயர் மூன்றும் இல்லாத ‘ரெப்ளிகா’வை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரோட்டில் போலீஸ்காரர் டேப் வைத்து அளப்பது அபூர்வம். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் டேப்பே வேண்டியதில்லை.

மிகப் பத்திரமான வழி, உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தரும் சைஸுக்கு ஏறுவது. 165/80 R14-இல் ஓடும் ஸ்விஃப்ட்டை 185/65 R15-க்கு மாற்றினால் இந்த அத்தியாயத்தின் பாதிக் கணக்கு தேவையில்லை. அகலம் 20 மி.மீ. கூடுகிறது, விட்டம் இரண்டு மி.மீ.கூட மாறவில்லை. அதற்கு மேலே போகிறவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் மாற்றியது விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால் பேச்சு நீளும். வாரன்டியில் இருக்கும் வண்டியானால் பேரிங், சஸ்பென்ஷன் பழுதுகளைச் சர்வீஸ் சென்டர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

மாட்டிய பிறகு

ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பின்பே ரிம்மை வைக்கச் சொல்லுங்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு முடிக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்பும் கடையில், டார்க் ரெஞ்சை எடுங்கள் என்று நின்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். புது அலாயில் இருக்கைகள் படிந்து நட்டு சற்றே தளர்வது உண்டு.

அலைன்மென்ட்டை அன்றே செய்துவிடுங்கள். ஆயிரம் கி.மீ. ஆனதும் டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அல்லது டோ அளவு தவறு, இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

ஸ்டெப்னி டிக்கியில் பழைய சைஸிலேயே கிடக்கும். மொத்த விட்டம் ஒன்றாக இருந்தால் பஞ்சர் கடை வரை போய்ச் சேர அது போதும். ஆனால் புது அலாய்க்கு வாங்கிய நீளமான நட்டோ வேறு இருக்கை உள்ள நட்டோ ஸ்டெப்னியின் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகள் நான்கையும் அவற்றுக்கான ஸ்பேனரோடு ஒரு துணிப்பையில் போட்டு ஜாக்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். திருட்டுப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியும் அந்தப் பையில்தான் இருக்க வேண்டும், வீட்டு மேஜை அறையில் அல்ல.